எ.பெ. செய்யாத குற்றங்கள்

லண்டனில் தபால்காரர் ஒரு நாளைக்குப் பத்து முறை வருவார். பத்து முறையும் எலியாஸ் பென்ஃபோல்டின் வாசலைத் தாண்டிப் போவார். எதிர்வீட்டுக்குக் கடிதம் வரும், பக்கத்து வீட்டுக்கு வரும், பூட்டிக் கிடக்கும் மூலைக்கடைக்குக்கூட வரும். பென்ஃபோல்டு மாடி ஜன்னலில் நின்று பத்து முறையும் பார்ப்பார். ஞாயிற்றுக்கிழமை தபால் கிடையாது. அன்றைக்கு ஏமாற்றத்துக்கும் விடுமுறை.

மகாராணி விதவையாகி ஆறு வருஷம் முடிந்திருந்தது. பென்ஃபோல்டு மனைவி ஹேரியட்டை இழந்து நான்கு வருஷம். மகாராணியின் துக்கத்துக்கு நாடே கறுப்புத் துணி வாங்கியது. பென்ஃபோல்டின் துக்கத்துக்கு வீட்டுக்காரி திருமதி டஃப்னல் ஒரு வாரம் வாடகை கேட்காமல் இருந்தாள். எட்டாம் நாள் இரண்டு வாரத்துக்கும் சேர்த்து வாங்கிக்கொண்டாள்.

நாற்பது வருஷம் அவர் செய்த வேலை கடிகார முகங்களில் எண் எழுதுவது. கை நடுங்க ஆரம்பித்து, அவர் எழுதிய ரோம எண் ஒன்பது பதினொன்றாகத் தெரிந்து, ஒரு பாதிரியார் கல்யாணத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே போய் நின்று, பொறுமையிழந்து அங்கே தரை பெருக்கிக்கொண்டிருந்த வேலைக்காரிக்கும் தோட்டக்காரனுக்கும் கல்யாணம் செய்துவைத்துவிட்டுப் போன பிறகு, முதலாளி அவரை வீட்டுக்கு அனுப்பினார். வருஷத்துக்கு நாற்பது பவுன் ஓய்வுப் பணம். நூறு பவுனுக்குக் கீழே வாங்குகிறவனிடம் வருமான வரி கேட்கச் சட்டத்துக்கே மனசு வராது. ஆகவே அரசாங்கமும் அவரைத் தேடி வருவதில்லை.

அவர் வாழ்நாளில் செய்த குற்றம் ஒன்றே ஒன்று. பத்து வருஷத்துக்கு முன்னால் ஹேரியட் தெருவிலிருந்து ஒரு நாயைத் தூக்கி வந்து ஒரு குளிர்காலம் முழுக்க வைத்திருந்தாள். நாய்க்கு அப்போது பன்னிரண்டு ஷில்லிங் வரி. வரி மதிப்பாளர் கதவைத் தட்டியதும் அவள் நாயைத் தன் கம்பி வளையம் வைத்த அகலப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டு நேராக நின்றாள்.

"வீட்டுல நாய் உண்டாம்மா?"

"கிடையாதுங்க."

பாவாடை குரைத்தது. ஹேரியட் உடனே அதே சுருதியில் இருமினாள். பாவாடை மறுபடி குரைத்தது. அவள் மறுபடி இருமினாள். மதிப்பாளர் இரக்கத்தோடு, "மார்ல கடுகுப் பத்து போடுங்கம்மா, இல்லேன்னா இது ஆளைக் கொண்டுபோயிடும்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். கணவனும் மனைவியும் அன்று முழுக்கச் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பைப் பென்ஃபோல்டு எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒரு நாள் நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. பன்னிரண்டு ஷில்லிங்தான் வந்தது. நாட்டுக்குச் சேர வேண்டிய பன்னிரண்டு ஷில்லிங்!

வரியை ஏமாற்றி மனசு உறுத்துகிறவர்கள் பேர் சொல்லாமல் நிதியமைச்சருக்குப் பணம் அனுப்புவதுண்டு. மனச்சாட்சிப் பணம் என்று அதற்குப் பெயர். அமைச்சர் பத்திரிகையில் ஒரு வரி போட்டு அதை ஏற்றுக்கொள்வார். பென்ஃபோல்டும் உறையில் போட்டு, 'எ.பெ.' என்று மட்டும் எழுதி அனுப்பினார். நான்காம் நாள் காபிக்கடையில் பத்திரிகையைத் திறந்தால்:

'எ.பெ. அவர்களிடமிருந்து மனச்சாட்சிப் பணமாகப் பன்னிரண்டு ஷில்லிங் வரப்பெற்றதை நிதியமைச்சர் நன்றியுடன் தெரிவித்துக்கொள்கிறார்.'

பென்ஃபோல்டு அதை ஏழு தடவை படித்தார். ஹேரியட் போன பிறகு முதல்முறையாக அவர் எழுதியதற்கு ஒருவர் பதில் போட்டிருக்கிறார். அதுவும் நன்றியுடன்.

அடுத்த மாதம் இன்னொரு அரைக் கிரவுன் அனுப்பினார், அதாவது இரண்டரை ஷில்லிங். அதற்கும் நன்றி வந்தது. அதற்குப் பிறகு அவரால் நிறுத்த முடியவில்லை. ஆனால் அனுப்புவதற்குக் குற்றம் வேண்டுமே! தன் வாழ்க்கையைத் தலைகீழாகக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். ஒன்றும் விழவில்லை. நேர்மையாக வாழ்ந்தது ஒரு குறையாக அவருக்கு அப்போதுதான் முதன்முதலாகப் பட்டது. ஒரு தடவை ரொட்டிக்கடையில் மாவு மூட்டை பிரிந்து தலையில் கொட்டியது. அதைப் பிரபுக்கள் தலையில் தூவிக்கொள்ளும் கேசப்பொடி என்று கணக்கு வைத்துக் கேசப்பொடி வரிக்காக அரைக் கிரவுன். மழையில் யாரோ ஒருவர் தன் வண்டியில் நான்கு தெரு ஏற்றிக்கொண்டு போனார். வண்டி வரிக்காக ஒரு அரைக் கிரவுன். சின்ன வயதில் ஸ்லேட்டில் சிங்கம் வரைந்தார். பிரபுக் குடும்பங்கள் கட்டும் குலச் சின்ன வரிக்காக ஒன்று. மதிய உணவில் மட்டனை நிறுத்திச் சூப்புக்கு வந்தார், சூப்பை நிறுத்தி ரொட்டிக்கு வந்தார். மாதம் தவறாமல் நன்றி வந்துகொண்டிருந்தது.

கடைசியில் ஒரு நாள், அமைச்சர் ஏதாவது கேட்க நினைத்தால் பாவம் எங்கே தேடுவார் என்று, உறையின் மூலையில் தன் முழுப் பெயரையும் விலாசத்தையும் எழுதிவிட்டார்.

அடுத்த வாரம் தபால்காரர் நின்றார்.

"பென்ஃபோல்ட் அய்யாவா? அட, இந்த வீட்டு மாடில ஆள் இருக்காங்களா?" என்றார்.

கடிதம் பொதுப்பணச் சீர்திருத்தம் மற்றும் செலவுச் சுருக்க அலுவலகத்திலிருந்து. உடனே நேரில் வரச் சொல்லியிருந்தது. பென்ஃபோல்டு கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனார்.

அந்த அலுவலகம் நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு மனிதரோடு ஆரம்பிக்கப்பட்டது. அரசாங்க மேசைகளில் எரிந்து மிஞ்சும் மெழுகுவர்த்தித் துண்டுகளைச் சேகரிப்பது அவர் வேலை. துண்டுகளை எண்ண ஒருவர் வந்தார். எண்ணுகிறவருக்கு வெளிச்சம் வேண்டியிருந்ததால் இரண்டு முழு மெழுகுவர்த்தி வந்தது. அவற்றின் துண்டுகளை எண்ண இன்னொருவர் வந்தார். இப்படியாக நாற்பத்தொரு பேர் சேர்ந்து நாட்டுக்கு வருஷம் ஒன்பது பவுன் மிச்சப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மூன்று பேருக்கு ஒரு பேனா முள். ஒருவர் எழுதும்போது மற்ற இருவரும் சும்மா இருப்பார்கள். சும்மா இருப்பதில் ஊதாரித்தனம் இல்லாமல் பார்த்துக்கொள்ள ஒரு மேற்பார்வையாளர் இருந்தார். வருகிறவர்களுக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி போட்டால் ஜனங்கள் உட்காருவார்கள், உட்கார்ந்தால் நாற்காலி தேயும்.

தலைவர் சர் லியோனல் டட்டன் நல்ல அகலமான மனிதர். சிக்கனம் அவர் உடம்பை மட்டும் தொடவில்லை.

"நீங்கதான் எ.பெ.யா?" என்றார். "இந்த நாட்டுல பொதுப்பணம் எங்க போகுதுன்னு இதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாது. நாங்க வந்து சீர்திருத்தம் பண்ணினோம். இப்பவும் தெரியாது. ஆனா எந்தெந்தக் காகிதத்துல தெரியாம இருக்குன்னு துல்லியமாத் தெரியும். புரியுதா?"

"புரியுதுங்கய்யா" என்றார் புரியாத பென்ஃபோல்டு.

"உங்களுக்கு நன்றி சொல்லிப் பத்திரிகையில ஒரு வரி போட அஞ்சு ஷில்லிங் ஆகுது. நீங்க அனுப்புறது ரெண்டரை. ஒவ்வொரு தடவையும் நன்றியால நாட்டுக்கு நஷ்டம். அதனால முதல் சீர்திருத்தமா நன்றியை ஒழிச்சிட்டோம்."

பென்ஃபோல்டு தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "சுத்தமாவா ஐயா?"

"சுத்தமா. அது போகட்டும், விஷயம் அதைவிட மோசம். க்ரிம்ஷா, படிங்க!"

சுவர் ஓரத்தில் நின்ற குமாஸ்தா ஒருவர் முன்னால் வந்தார். ஐம்பது வயது இருக்கும். வழுக்கை, வளைந்த தோள், முழங்கையில் ஒட்டுப் போட்ட கோட்டு. குரலைக்கூடச் சிக்கனமாகவே செலவழித்தார். "கேசப்பொடி: மாவு கேசப்பொடி ஆகாது. வண்டி: சொந்தமில்லை. சிங்கம்: ஸ்லேட்டு, அழிச்சாச்சு. வருமானம்: வரி வரம்புக்குக் கீழே. நாய்க்குக் கட்டின பன்னிரண்டு ஷில்லிங் தவிர மிச்சம் மூணு பவுன் பாக்கி இல்லாத பணம், சார்."

"கேட்டீங்களா?" சர் லியோனல் முன்னால் சாய்ந்தார். "மிஸ்டர் பென்ஃபோல்ட், உங்க மேல நிரபராதின்னு பலமான சந்தேகம் இருக்கு."

"மன்னிக்கணும் ஐயா. அப்ப அந்தப் பணத்தைத் திருப்பி..."

"திருப்பிக் குடுக்கிறதா! குடுக்கணும்னா பார்லிமென்ட்ல தீர்மானம் வரணும். அறுநூத்தி ஐம்பத்தெட்டு பேர் உட்கார்ந்து பேசணும். விளக்கு, கரி, அச்சுக்கூலி எல்லாம் சேர்த்து முந்நூறு பவுன். மூணு பவுனுக்காக முந்நூறு பவுன் செலவழிக்க இது பழைய காலமில்ல. உங்களைக் குற்றவாளி ஆக்கிட்டா ஒரு செலவும் இல்ல. நேர்மையா இருக்கிறவனால கஜானாவுக்கு என்னய்யா பிரயோஜனம்? இனிமே க்ரிம்ஷா செவ்வாய்க்கிழமை செவ்வாய்க்கிழமை உங்க அறைக்கு வந்து ஏதாவது குற்றம் கிடைக்குதான்னு பார்ப்பார்."

"வாரா வாரமா?" என்றார் பென்ஃபோல்டு. "வீட்டுக்கேவா?"

சர் லியோனல் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டு திருப்தியோடு தலையசைத்தார்.

முதல் செவ்வாய்க்கிழமை பென்ஃபோல்டு விடியும்போதே எழுந்து தரையைத் தேய்த்தார். மஃபின் ரொட்டி வாங்கி நெருப்பில் வாட்டி வெண்ணெய் தடவினார். வீட்டுக்காரியிடம் இரண்டாவது கோப்பை கடன் கேட்டார்.

"யாரு வர்றாங்க? உறவுக்காரங்களா?" என்றாள் திருமதி டஃப்னல்.

"இல்லம்மா. என்னை விசாரிக்க அரசாங்கத்துல இருந்து வர்றாங்க."

"குடுத்து வச்சவர்தான் போங்க. என்னை விசாரிக்க ஒரு நாதி கிடையாது" என்று பெருமூச்சு விட்டுக்கொண்டே கோப்பையைக் கொடுத்தாள்.

க்ரிம்ஷா சொன்ன நேரத்துக்கு வந்தார். அறையை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் அளந்தார். ஜன்னலை எண்ணினார். ஜன்னல் வரி போய்ப் பதினேழு வருஷம் ஆகியிருந்தது, ஆனால் படிவத்தில் கேள்வி போகவில்லை.

"உங்க கோட்டுக்கு யார் பிரஷ் போடுறது?"

"நானேதாங்க."

"பூட்ஸுக்குப் பாலிஷ்?"

"அதுவும் நான்தான்."

க்ரிம்ஷா பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டார். "அப்ப நீங்க ஒரு ஆண் வேலைக்காரரை வச்சிருக்கீங்க. அதுக்கு வரி உண்டு."

"யாரை வச்சிருக்கேன்?"

"உங்களை."

பென்ஃபோல்டு மகிழ்ந்துபோனார். ஆனால் அடுத்த வாரம் க்ரிம்ஷா வாடிய முகத்தோடு வந்தார். வேலைக்காரருக்குச் சம்பளம் எவ்வளவு என்று மேலிடத்தில் கேட்டார்களாம். சம்பளம் இல்லை என்று தெரிந்ததும், சம்பளமில்லாமல் ஒருவரை வைத்திருப்பது அடிமைத்தனம் ஆகிவிடும், அதை ஒழித்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஆகவே பென்ஃபோல்டைப் பென்ஃபோல்டிடமிருந்து விடுதலை செய்து உத்தரவு போட்டுவிட்டார்களாம்.

"விடுங்க சார். வேற ஏதாவது கிடைக்காமலா போயிடும்?" என்று பென்ஃபோல்டுதான் அவரைத் தேற்ற வேண்டியிருந்தது. "தேத்தண்ணி ஆறுது பாருங்க."

தேநீர் பெரிய சிக்கலாக இருந்தது. விசாரிக்கப்படுகிறவரிடம் விசாரணை அதிகாரி தேநீர் வாங்கிக் குடித்தால் லஞ்சம். ஆகவே க்ரிம்ஷா ஒவ்வொரு கோப்பைக்கும் அலுவலகக் காசில் ஒரு பென்னி மேசைமேல் வைத்து, கணக்குக் காட்ட ரசீது எழுதி வாங்கிக்கொள்வார். அந்தச் சடங்கு முடிந்ததும் தோள் கொஞ்சம் நிமிரும். மூன்றாவது வாரம் காலில் இருக்கும் ஆணியைப் பற்றிச் சொன்னார். ஐந்தாவது வாரம் பூட்ஸைக் கழற்றிக் காட்டினார். ஏழாவது வாரம் ஹேரியட்டும் நாயும் மதிப்பாளரை அனுப்பிவைத்த கதையைக் கேட்டுப் புரையேறும்படி சிரித்தார். அந்தக் கதைக்கு வேறொருவர் சிரித்து பென்ஃபோல்டு கேட்டது பத்து வருஷம் கழித்து அன்றுதான்.

"எப்படிங்க இருமினாங்க? இன்னொரு தடவை செய்யுங்க" என்றார் க்ரிம்ஷா.

பென்ஃபோல்டு செய்து காட்டினார். கீழேயிருந்து திருமதி டஃப்னல், "மாடில நாயெல்லாம் வச்சுக்கக் கூடாது!" என்று கத்தினாள்.

செவ்வாய் போனால் புதனும் வியாழனும் பழையபடி நீளம்தான். ஆனாலும் எதிரில் ஒரு செவ்வாய் நிற்கிறது என்று தெரிந்தால் ஒரு மனிதன் வியாழக்கிழமையைக்கூடத் தாண்டிவிடுவான். இப்படிப் பதின்மூன்று செவ்வாய் போயிற்று. அறையில் குற்றம் மட்டும் கிடைக்கவில்லை. கிடைக்காமலே இருக்க வேண்டும் என்று பென்ஃபோல்டு வேண்டிக்கொள்ள ஆரம்பித்திருந்தார்.

கிடைத்துவிட்டது. ரசீதுகளைச் சரிபார்க்கிறவர், அவரைச் சரிபார்க்கிறவர், இருவரும் ஒருவரையொருவர் நம்புகிறார்களா என்று பார்க்கிறவர், மூவரும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். எலியாஸ் பென்ஃபோல்டு உரிமம் இல்லாமல் பதின்மூன்று கோப்பை தேநீர் விற்றிருக்கிறார்!

சர் லியோனல் பூரித்துப்போய் ஆள் அனுப்பினார். பென்ஃபோல்டு போய்ச் சேருவதற்குள் அந்தப் பூரிப்பு வற்றியிருந்தது. அறையில் க்ரிம்ஷா சுவரைப் பார்த்து நின்றார்.

"விற்றது நீங்க. சரி" என்றார் சர் லியோனல். "வாங்கினது யாரு?"

"மிஸ்டர் க்ரிம்ஷாங்க."

"க்ரிம்ஷா யாரு பணத்துல வாங்கினார்? அரசாங்கப் பணத்துல. உரிமம் இல்லாத தேநீரை மகாராணியோட கஜானா பதின்மூணு தடவை காசு குடுத்து வாங்கிக் குடிச்சிருக்கு. உங்களைக் கூண்டுல ஏத்தினா பக்கத்துல கஜானாவும் ஏறணும். ஏறலாமா?"

"கூடாதுங்க."

"அதான் யோசிச்சு முடிவு எடுத்திருக்கோம். அந்தத் தேநீர் குடிக்கப்படல. குடிக்கப்படலேன்னா க்ரிம்ஷா அங்க வரல. வரலேன்னா அந்தச் செவ்வாய்க்கிழமைகள்ல உங்க அறையில ஒண்ணும் நடக்கல. நீங்க அனுப்பின மூணு பவுன் தெருவுல கிடந்து எடுத்த பணம்னு வரவு வைக்கப்படும். தெருவுல கிடக்கிற பணத்துக்கு ஒரு தலைப்பு சும்மாவே இருந்துச்சு. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

காகிதத்தில் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எழுதியது க்ரிம்ஷாதான் என்று பென்ஃபோல்டுக்குத் தெரிந்தது.

'பிப்ரவரி முதல் மே வரை எந்தச் செவ்வாய்க்கிழமையும் என் அறைக்கு எவரும் வரவில்லை. என்னோடு எவரும் தேநீர் அருந்தவில்லை. என்னோடு எவரும் பேசவில்லை.'

பென்ஃபோல்டு பேனாவைக் கையில் எடுக்காமல் நின்றார். "ஐயா, என் ஆயுசுல மத்த நாளையெல்லாம் வேணும்னா நடக்கலைன்னு எழுதித் தர்றேன். திங்கக்கிழமையை எடுத்துக்குங்க. ஞாயிறு எதுக்குமே உதவறதில்ல, அதையும் எடுத்துக்குங்க. செவ்வாய் மட்டும்..."

"அதுக்கெல்லாம் படிவம் இல்ல."

"இது பொய்யாச்சுங்களே."

"பொய்க்கு வரி கிடையாது மிஸ்டர் பென்ஃபோல்ட். இருந்திருந்தா இந்த அலுவலகம் ஒண்ணே தேசியக் கடனை அடைச்சிருக்கும். தைரியமாப் போடுங்க." சர் லியோனல் குரலைத் தாழ்த்தினார். "போடலேன்னா பொதுப்பணத்துல திருட்டுத் தேநீர் குடிச்சதுக்காகக் க்ரிம்ஷாவை அனுப்பிடுவோம். அவருக்கு ஓய்வுப் பணம் வர இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி. ஆறு பெண்ணுங்க."

க்ரிம்ஷா திரும்பவில்லை. கோட்டின் பின்புறத் தையல் ஒன்று விட்டிருந்தது. பதின்மூன்று வாரமும் அவரை முன்பக்கமாகவே பார்த்ததால் பென்ஃபோல்டுக்கு அது தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் ஊசி நூல் எடுத்திருப்பார்.

கையெழுத்துப் போட்டார். கடிகார முகத்தில் எழுதுவது போல நிதானமாகப் போட்டார். கை நடுங்கவில்லை.

படிக்கட்டில் க்ரிம்ஷா பின்னாலேயே வேகமாக இறங்கி வந்தார். மேலே கீழே பார்த்துக்கொண்டார்.

"மிஸ்டர் பென்ஃபோல்ட். அந்த மஃபின் ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார். பிறகு என்னவோ நினைவு வந்தவர் போலத் தொண்டையைச் செருமினார். "இருந்திருக்கும்னு நினைக்கிறேன்."

"வந்திருந்தீங்கன்னா நல்லா இருந்திருக்கும்" என்றார் பென்ஃபோல்டு.

இருவரும் முன்பின் தெரியாதவர்கள் போலத் தொப்பியைத் தூக்கிக்கொண்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பென்ஃபோல்டு மஃபின் வாங்கவில்லை. ஆனால் மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை நாற்காலியில் கோட்டோடு உட்கார்ந்திருந்தார். படியில் ஒரு காலடி கேட்டது. திருமதி டஃப்னல்தான், கோப்பையைத் திருப்பி வாங்க வந்திருந்தாள்.

"இன்னைக்கு உங்க ஆள் வரலியா?"

"யாரும் வந்ததில்லம்மா" என்றார் பென்ஃபோல்டு. கையெழுத்துப் போட்ட மனிதர், வார்த்தை மாறமாட்டார்.

அந்த வாரக் கடைசியில் பத்திரிகையில் ஓர் அறிவிப்பு வந்தது. நன்றியைத்தான் ஒழித்திருந்தார்கள். நிரபராதி என்று முடிவானால் பகிரங்கமாக அறிவித்தே ஆக வேண்டும் என்ற பழைய விதியை ஒழிக்க மறந்துவிட்டார்கள். காபிக்கடையில் பென்ஃபோல்டுக்கு எதிரே உட்கார்ந்திருந்த பருத்த மனிதர், பார்த்தால் கையுறை வியாபாரி போல இருந்தவர், அதை உரக்கப் படித்தார்.

"'எ.பெ. என்பவர்மீது எவ்விதக் குற்றமும் இல்லை எனவும், அவரோடு இனி எந்தத் தொடர்பும் தேவையில்லை எனவும் இதனால் அறிவிக்கப்படுகிறது.' யாருய்யா இது? பாவம், ஒரே ஒரு தப்புகூடப் பண்ணாம ஒரு மனுஷன் காலத்தை ஓட்டியிருக்கானே! எப்படித்தான் பொழுது போச்சோ!"

அவர் யாரிடமும் கேட்கவில்லை. காற்றைப் பார்த்துத்தான் சொன்னார். பென்ஃபோல்டு தொண்டையைச் சரிசெய்துகொண்டார்.

"எனக்குத் தெரியும் அவனை."

"அப்படியா?" வியாபாரி தலையைத் தூக்கினார். "எப்படிப்பட்ட ஆளு?"

பென்ஃபோல்டு ஒரு கணம் யோசித்தார். நல்ல மனுஷன், நாற்பது வருஷம் ஒழுங்காக எண் எழுதினான், மனைவிமேல் பிரியமாக இருந்தான் என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் வியாபாரியின் கட்டைவிரல் அதற்குள் பக்கத்தின் ஓரத்துக்குப் போய்விட்டது, புரட்டத் தயாராக.

"ஆளா அவன்?" என்றார் பென்ஃபோல்டு. "படு அயோக்கியன் சார். அரசாங்கத்துக்கு என்ன தெரியும்? பிரெஞ்சுப் பிராந்தி கடத்துறதுக்குன்னே தனியா மூணு படகு வச்சிருந்தான்."

கட்டைவிரல் நின்றது. பத்திரிகை மெதுவாகக் கீழே இறங்கியது. வியாபாரி நாற்காலியை இழுத்து மேசைக்கு நெருக்கமாகப் போட்டுக்கொண்டு, கடைக்காரரைப் பார்த்து இரண்டு காபிக்கு விரலைக் காட்டினார்.

"நாலு படகு" என்று திருத்திக்கொண்டார் பென்ஃபோல்டு.